பாரிஸ் முதல் பினாங்கு வரை: ஓர் இலத்தீன் பள்ளியின் பயணம்

ஐரோப்பாவின் இடைக்காலத்தை 'இருண்ட காலம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது பலருக்கும் வழக்கம். ஆனால், பல்கலைக்கழகம் என்ற அமைப்பும், அது வழங்கும் 'டாக்டர்' பட்டமும், பட்டமளிப்பு விழாவில் அணியும் நீண்ட அங்கியும் அந்தக் காலம் விட்டுச் சென்ற சொத்துகளே. கோதிக் கலை செழித்த அந்த நூற்றாண்டுகளின் கல்வி மரபு பிற்காலத்தில் பினாங்குத் தீவிலும் வேர்விட்டது. வரும் வழியில் அது புதுச்சேரி மண்ணையும் தொட்டு வந்தது.

கல்லும் கண்ணாடியும்

பாரிஸ் அருகேயுள்ள சான் தெனி மடாலயக் கோயிலில், மடத்துத் தலைவர் சூஜர் 1144இல் முடித்த பகுதியைக் கோதிக் பாணியின் தொடக்கம் என்பர். கூர்முனை வளைவுகள் கூரையின் பாரத்தைத் தூண்களுக்கு இறக்கின. சுவரின் சுமை குறைந்ததும், அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வந்தன. தமிழர் கோயில் கோபுரங்களில் சுதைச் சிற்பங்கள் புராணம் சொல்வது போல, எழுத்தறியாத மக்களுக்கு அந்தச் சாளரங்கள் விவிலியக் கதை சொல்லின.

ஆலயங்களை ஒட்டிப் பள்ளிகள் வளர்ந்தன. பாரிஸில் அவை பல்கலைக்கழகமாயின. பல நாட்டு மாணவர்களுக்கும் பொதுமொழி இலத்தீன். அவர்கள் வாழ்ந்த வட்டாரத்துக்கு இன்றும் 'இலத்தீன் வட்டாரம்' என்றே பெயர். அங்கே பாடம் பாதி, வாதம் பாதி. ஒரு கேள்வியை எழுப்பி, எதிர்க்கட்சியின் வாதங்களை அடுக்கி, பிறகே விடை சொல்ல வேண்டும். மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காட்சியை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) தம் பெருநூலை இந்த முறையில்தான் எழுதினார். அவர் ஆழ்ந்து கற்ற அரிஸ்டாட்டிலின் சிந்தனைகளில் ஒரு பகுதி, இப்னு ருஷ்து போன்ற முஸ்லிம் அறிஞர்களின் உரைகளோடு, அரபு மொழி வழியாக ஐரோப்பாவை எட்டியிருந்தது.

வீராம்பட்டினம் வழியாக

இந்த மரபில் வந்த பாரிஸ் மறைப்பணியாளர்கள், ஆசிய இளைஞர்களைக் குருக்களாக்க 1665இல் சயாமின் அயுத்தயாவில் ஒரு கல்லூரியைத் தொடங்கினர். பர்மியப் படையெடுப்பு அதை அங்கிருந்து விரட்டியது. கம்போடியக் கரைப் பக்கம் ஒதுங்கிய கல்லூரி, 1770 வாக்கில் புதுச்சேரி அருகேயுள்ள மீனவர் ஊரான வீராம்பட்டினத்துக்கு வந்தது. அதன் தலைவர் பிஞ்ஞோ தெ பெஹேன், வியட்நாமிய உதவியாளர்களுடன் வியட்நாமிய-இலத்தீன் அகராதியின் கையெழுத்துப் படியைத் தொகுத்தது புதுச்சேரியில் இருந்தபோதுதான்.

1782இல் மூடப்பட்ட கல்லூரி, 1808இல் பினாங்கில் மீண்டும் திறக்கப்பட்டது. அதுவே 'காலேஜ் ஜெனரல்'. சீனர், வியட்நாமியர், சயாமியர் எனப் பல நாட்டு மாணவர்கள் அங்கே கூடினர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவர்களை இணைத்தது, இடைக்காலப் பாரிஸில் நடந்தது போலவே, இலத்தீன்தான். அங்கே பயின்ற பிலிப் மின், பிஞ்ஞோவின் கையெழுத்துப் படியை விரிவாக்கும் பணியில் ஆயர் தபேருக்கு உதவினார். அகராதி 1838இல் வங்காளத்தின் செராம்பூரில் அச்சேறியது. மின் 1853இல் வியட்நாமில் சமயத்துக்காகத் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1988இல் புனிதர் பட்டம் பெற்றார்.

பாலமா, மதிலா?

இலத்தீன் நாடுகளை இணைத்த பாலம். அதே வேளையில், படித்தவரையும் பாமரரையும் பிரித்த மதில். இதை உணர்ந்தவர் இத்தாலியக் கவிஞர் தாந்தே (1265-1321). மக்கள்மொழிக்காக வாதாடும் நூலை இலத்தீனில் எழுதினார். தம் பெருங்காப்பியத்தையோ இத்தாலிய மொழியில் பாடினார். வாதம் அறிஞருக்கு, காவியம் மக்களுக்கு!

பினாங்கில் பயின்ற துருவோங் விங் கீயும் (1837-1898) அந்த வழியில் சென்றவரே. பல மொழிகள் கற்றுத் திரும்பிய அவர், தாய்நாட்டில் ரோமன் எழுத்தில் வெளிவந்த முதல் வியட்நாமிய இதழுக்குப் பொறுப்பேற்றார். நாட்டின் புகழ்பெற்ற 'கியூ' காவியத்தை 1875இல் அந்த எழுத்தில் வெளியிட்டு மக்களிடம் சேர்த்தார். தமிழுக்கு இத்தகைய தொண்டு முன்பே கிடைத்திருந்தது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனுக்குக் கொண்டு போனார். தமிழுக்குச் சதுரகராதி தந்தார்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டில் தாய்மொழிகளுக்குக் கதவைத் திறந்தது. மலேசியாவின் முதல் கர்தினாலான சுங்கைப்பட்டாணியில் பிறந்த அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ், அந்த மாற்றக் காலத்தில் காலேஜ் ஜெனரலில் பயின்றவர். கல்லூரி 1980களில் தஞ்சோங் பூங்காவுக்கு இடம் மாறியது.

வீட்டில் தமிழ், நாட்டில் மலாய், உலகத்துக்கு ஆங்கிலம் என்று வளரும் மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. பொதுமொழியைக் கற்றதால் எவரும் தாய்மொழியை இழந்துவிடவில்லை. கற்றதைத் தாய்மொழிக்குக் கொண்டு வராதபோதுதான் இழப்பு நேர்கிறது. இலத்தீன் கற்றவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். ஆனால், கற்றதைத் தம் மக்களின் மொழியில் எழுதி வைத்தவர்களின் பெயரையே வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.