வெயில் திருடும் குளோரின்

திருத்தங்கல் தீக்குச்சிக்கும் வீட்டு நீச்சல் குளத்துக்கும் என்ன உறவு? குளோரின்! 1774-ல் ஸ்வீடன் மருந்துக் கடைக்காரர் ஷீலே கண்டெடுத்த சமாசாரம். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டாக இருக்கிறது. குளத்தில் கிருமியைக் கொல்கிறது. ஆனால், உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி காலி!

அதற்குக் காவலாளி, சயனூரிக் அமிலம். 1829-ல் ஜெர்மானியர் வோலர் தயாரித்தது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் 'ஸ்டெபிலைசர்' என்று குளத்தில் இறங்கியது. லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் போதும். 100-ஐத் தாண்டினால், காவலாளியே குளோரினைக் கட்டிப்போட்டுவிடுவார்!

பல குளோரின் மாத்திரைகளிலேயே இது கலந்திருப்பதால், அளவு சத்தமில்லாமல் ஏறும், ஆவியாகாது. குறைக்கணும்னா குளத்துத் தண்ணீரைக் கொட்டித்தான் ஆகணும். தண்ணீரின் அருமை தெரிந்த கந்தக பூமியில் அது அடுக்குமா? அளந்துட்டுப் போடுங்க, சார்!