பாரில் எடுத்த மாதிரிச் சிப்பி

ஒரு காலத்தில் இலங்கைப் பக்க மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு என்றால் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகள் கூடாரங்களால் நிறைந்துவிடும். 1905இல் மட்டும் எட்டுக் கோடிச் சிப்பிகள் கரையேறின. அரசுக்கு வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய்.

ஆனால் அத்தனை படகுகளும் எடுத்த எடுப்பில் கடலில் இறங்கவில்லை. குளிப்புக்குச் சில மாதங்கள் முன்பே அதிகாரிகள் 'பார்' எனப்படும் முத்துப்படுகைகளுக்குப் போய், சிப்பிகளில் ஒரு பங்கை மாதிரிக்காக எடுப்பித்தார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, முத்துகளைப் பொறுக்கி, ஆயிரம் சிப்பிக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட்டார்கள். கணக்கு ஒத்துவந்தால்தான் குளிப்பு அறிவிப்பு.

முத்துக்கும் தனிச் சோதனை இருந்தது. பித்தளைச் சல்லடைகள் பத்து. முதலாவதில் 20 துளைகள், கடைசியில் 1000. பெரியவை மேலே தங்கும், சிறியவை அடுத்ததற்கு இறங்கும். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரிப்பார்கள், குறையற்றதே 'ஆணி'.

மாதிரி பார்த்து நம்பும் இந்த வழக்கம் வேறு தொழிலிலும் உண்டு. இன்று இணையதள முகப்பை உருவாக்குபவர்கள் ஒரு பொத்தானையோ படிவத்தையோ தனியே எடுத்து, அழுத்தினால் சரியாக நடக்கிறதா என்று பார்த்த பிறகே முழுப் பக்கத்தில் சேர்க்கிறார்கள். 2014இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஜெஸ்ட் போன்ற கருவிகள் அதற்குத்தான். முழுமையை நம்புமுன் ஒரு துண்டைச் சோதிக்கும் அதே கவனம் இது.

மன்னார்ப் பார்களை 1906இல் ஒரு நிறுவனம் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி வளம் குன்றியது. குத்தகைக் காலம் முடியுமுன்பே நிறுவனம் கலைந்தது. குளிப்பை மேற்பார்வையிட இலங்கையின் பிரித்தானிய ஆளுநர் நோர்த் முன்பு கட்டிய மாளிகையின் சுவர்கள் அரிப்புக் கரையில் இன்னும் இடிந்து நிற்கின்றன.