வளையிலிருந்து வளையத்துக்கு

1907 பிப்ரவரி. நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், வந்திருந்த அத்தனை நாய்களிலும் சிறந்தது இதுவே என்று ஒரு பெட்டை நாய்க்குப் பட்டம் சூட்டினார்கள். அதன் பெயர் வாரன் ரெமெடி. இனம் ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர். வெஸ்ட்மின்ஸ்டர் கென்னல் கிளப் 1877 முதலே கண்காட்சி நடத்திவந்தது. ஆனால் எல்லா இனங்களையும் ஒன்றாக நிறுத்தி ஒரே ஒரு நாயை முதன்முதலாகத் தேர்ந்தெடுத்தது அந்த ஆண்டுதான். 1908இலும் ரெமெடியே வென்றது. 1909இலும் அதுவே. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பட்டத்தை மூன்று முறை வென்ற நாய் வேறொன்று இல்லை.

அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், இங்கிலாந்தின் நரி வளைகளில்தான் போய் நிற்போம். மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான் டெரியர் என்ற பெயர். குதிரையும் பெருநாய்க் கூட்டமுமாக நரியை விரட்டிச் செல்லும்போது நரி வளைக்குள் புகுந்துவிடும். பெரிய நாய்களால் உள்ளே நுழைய முடியாது. அப்போது இந்தச் சிறு நாயை இறக்கிவிடுவார்கள். நரியைக் கொல்வது அதன் வேலை இல்லை. இருட்டில் முகத்துக்கு முகம் நின்று, குரைத்து, நரியை வெளியே கிளப்ப வேண்டும். மார்பு அகன்றிருந்தால் வளையில் சிக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டு கைகளால் சுற்றிப் பிடிக்கும் அளவுக்கு ஒடுங்கியிருக்க வேண்டும். நரியென்று நினைத்துப் பெருநாய்கள் இதையே கடித்துக் குதறிவிடக் கூடாது. அதற்காகத்தான் வெள்ளை நிறத்தை விரும்பினார்கள். வாலை நறுக்கினாலும் ஒரு கைப்பிடி அளவு விட்டுவைப்பார்கள், வளைக்குள்ளிருந்து பிடித்து இழுக்க. கண்காட்சியில் நடுவர் கைவைத்துப் பார்க்கும் ஒவ்வொரு அங்கமும் முதலில் மண்ணுக்குள் தேவைப்பட்ட அங்கம். இதை மறந்துவிட்டுப் பார்த்தால் அழகு மட்டும்தான் தெரியும்.

வம்சாவளி எழுத்துக்கு வந்தது பிற்பாடு. எந்தப் பெட்டை எந்தக் கடுவனிடம் குட்டி போட்டது என்பது வேட்டைக் குழுக்களில் நாய் பராமரித்தவர்களின் நினைவில்தான் இருந்தது. 1860களின் கண்காட்சிகளில் பெயர் பெற்ற ஓல்ட் ஜாக், டிராப், டார்ட்டர் என்ற மூன்றையும் இந்த இனத்தின் மூதாதைகளாகச் சொல்வார்கள். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. 1859 தொடங்கி நடந்த கண்காட்சிகளின் முடிவுகளைத் தேடித் திரட்டி முதல் வம்சப் பதிவேட்டை அச்சிட்டது. வாய்மொழி அப்படித்தான் ஏடானது. 1876இல் இனத்துக்கு இலக்கணமும் வகுத்தார்கள். நம் ஊரில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல, காது மடியும் கோணம், தோளின் சாய்வு, பாதத்தின் வட்டம் எல்லாவற்றுக்கும் விதி வந்தது. கடுவனுக்கு 18 பவுண்டு, பெட்டைக்கு 16 பவுண்டு எடை என்பது அந்த மரபில் வந்த கணக்கு. 1868இல் பிறந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்த பெல்கிரேவ் ஜோ என்ற கடுவனின் ரத்தம் பிந்தைய ஃபாக்ஸ் டெரியர்கள் பெரும்பாலானவற்றில் ஓடுகிறது. அதன் எலும்புக்கூட்டை கென்னல் கிளப் பாதுகாத்துவந்தது.

இந்த ஏடு எதிலும் இடம்பெறாத ஒரு டெரியரை நமக்கு நன்றாகத் தெரியும். எச்.எம்.வி. இசைத்தட்டில் குழாயின் முன் தலைசாய்த்து உட்கார்ந்திருக்கும் நிப்பர், பிரிஸ்டல் நகரில் பிறந்த கலப்பு நாய். நம் பாட்டுகள் எத்தனையோ அதன் படத்தைச் சுமந்தபடிதான் சுழன்றன.

அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போன ஃபாக்ஸ் டெரியர்கள் பணக்காரர் வீட்டுச் செல்வங்களாயின. நியூஜெர்சியில் வாரன் கவுண்டியைச் சேர்ந்த அல்லாமுச்சியில் ராதர்ஃபர்ட் குடும்பத்தின் நாய்ப்பண்ணை இருந்தது. அங்கிருந்து வந்த நாய்களின் பெயருக்கு முன்னால் 'வாரன்' என்று இருக்கும். ரெமெடியின் உரிமையாளர் வின்த்ராப் ராதர்ஃபர்ட். தொலைநோக்கி வழியே நிலாவைப் படமெடுத்துப் புகழ்பெற்ற லூயிஸ் மாரிஸ் ராதர்ஃபர்டின் மகன். பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண்ணான கான்சுவேலோ வாண்டர்பில்ட் மணக்க விரும்பியது இந்த வின்த்ராப்பைத்தான். ஆனால் தாய் அந்தப் பெண்ணை அடைத்துவைத்து, அழவைத்து, 1895இல் மார்ல்பரோ பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தாள். குலமும் பட்டமும் பார்க்கும் வழக்கம் நாய்களோடு நின்றுவிடாத சமூகம் அது. அந்தப் பெண்ணுக்காக இன்றைக்கும் என் மனம் வருந்துகிறது.

ரெமெடியின் காலத்தில் இனக்குழுக்களாகப் பிரித்துப் படிப்படியாக வடிகட்டும் இன்றைய முறை இல்லை. அது 1924இல்தான் வந்தது. டெரியர்களைத் தேரும் விதத்தில் மட்டும் பழைய மண்வாசனை மிச்சமிருக்கிறது. இரண்டு மூன்றை எதிரெதிரே நெருக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கடிக்க விடமாட்டார்கள். தன்னைப் போன்ற இன்னொன்றைக் கண்டதும் நல்ல டெரியர் விரல்நுனியில் நிற்பதுபோல் நிமிரும். கழுத்து நீளும், வால் விறைக்கும், கண்ணில் நெருப்பு வரும். நரியின் முன் பின்வாங்காத நெஞ்சு இருக்கிறதா என்பதை நடுவர் அந்த நொடியில் கண்டுகொள்வார்.

ரெமெடி ஓய்ந்த மறு ஆண்டு, 1910இல், சபீன் ரேர்பிட் என்ற இன்னொரு ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர் வென்றது. பிறகு காற்று திசைமாறியது. கம்பிமயிர் கொண்ட வயர் ஃபாக்ஸ் டெரியரான மேட்ஃபோர்ட் விக் 1915, 1916 இரண்டு ஆண்டுகளும் பட்டத்தை எடுத்துச் சென்றது. 2019 வரை அந்த வகை பதினைந்து முறை வென்றிருக்கிறது. வேறெந்த இனமும் அதன் பக்கத்தில் இல்லை. வயர் வகையின் மயிரைக் கைவிரலால் பிடுங்கிப் பிடுங்கி உருவம் செதுக்கலாம். தோளில் குறையிருந்தால் அங்கே கொஞ்சம் அடர்த்தியாக விடலாம், கால் மெலிந்திருந்தால் தூண்போலக் காட்டலாம். ஸ்மூத் வகைக்கு அந்தச் சலுகை கிடையாது. தோலோடு ஒட்டிய குட்டை மயிர், எலும்பு எப்படி அமைந்ததோ அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். கைவேலையின் துணையே இல்லாமல் மூன்று ஆண்டுகள் வெறும் உடம்போடு நின்று வென்றதால்தான் எனக்கு ரெமெடி பெரிதாகத் தெரிகிறது. 1985இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இரண்டு வகைகளையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தது. சபீன் ரேர்பிட்டுக்குப் பிறகு ஒரு ஸ்மூத் ஃபாக்ஸ் டெரியர்கூட வெஸ்ட்மின்ஸ்டர் பட்டத்தைத் தொடவில்லை.