மின்நுகர்வோர் பாதுகாப்பு (இந்தியா)

இந்தியாவில் மின்நுகர்வோர் உரிமைகளின் அடித்தளம் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் முன்னறிவிப்பை எழுத்தில் தர வேண்டும் என்கிறது அதன் 56ஆம் பிரிவு. தொகையில் தகராறு இருந்தால், கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான தொகையையோ, இரண்டில் குறைந்ததை, எதிர்ப்பைப் பதிந்து செலுத்தி இணைப்பைக் காக்கலாம். சேவைத் தரம் தவறினால் இழப்பீடு தருவது 57ஆம் பிரிவு. எழுத்தளவில் குறை சொல்ல அதிகமில்லை. புகாருக்கு உள்ளாகும் தரப்பே புகாரை விசாரிக்கவும் செய்வதுதான் சிக்கல். குறைதீர் மன்றத்தை அமைப்பது விநியோக நிறுவனம். 2020 நுகர்வோர் உரிமை விதிகளின்படி அதற்குத் தலைமை வகிப்பவரும் அந்நிறுவன அதிகாரியே.

மீட்டரும் மின்சுமையும் அறிந்தவரே விரைந்து தீர்ப்பார் என்று இதற்கு நியாயம் சொல்வதுண்டு. அந்த அறிவைச் சாட்சியமாகப் பெறலாமே. தீர்ப்பளிக்கும் நாற்காலியை ஏன் தர வேண்டும்? மேல்முறையீட்டுக்குக் குறைகேள் அதிகாரி இருக்கிறார் என்பது சரி, ஆனால் அதுவரை போக நேரமும் ஆவணமும் வேண்டும். அனுமதியற்ற பயன்பாடு என 126ஆம் பிரிவில் மதிப்பீடு வந்துவிட்டால் நிலை இன்னும் கடினம்: மேல்முறையீடு செய்யவே பாதித் தொகையை முன்கூட்டிக் கட்ட வேண்டும். அத்தகைய மதிப்பீட்டை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்க முடியாதென 2013இல் அனீஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 57ஆம் பிரிவின் இழப்பீட்டுக்கு எதிராக, அச்செலவு கடைசியில் நுகர்வோர் கட்டணத்தில்தானே ஏறும் என்ற வாதமும் உண்டு. அச்செலவைக் கட்டணக் கணக்கில் ஏற்க மறுக்க ஒழுங்குமுறை ஆணையத்தால் முடியும்.