டாட்மூர் முதல் வூட்ஸ் ஹோல் வரை: தபாற்பெட்டி தேடலின் வரலாறு

அரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும், போர்களும், உடன்படிக்கைகளும் வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பெறுமளவுக்கு மக்களின் பொழுதுபோக்குகள் பெறுவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் எவ்வாறு உழைக்கின்றது என்பதைப் போலவே, அது தன் ஓய்வை எவ்வாறு கழிக்கின்றது என்பதும் அதன் இயல்பைப் புலப்படுத்தவல்லது. இந்நோக்கில், இங்கிலாந்தில் தோன்றி ஐக்கிய அமெரிக்காவின் கரையோரப் பாதைகள்வரை பரவிய ‘தபாற்பெட்டி தேடல்’ என்னும் பொழுதுபோக்கின் வரலாற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

இத்தேடலின் இயல்பு எளிமையானது. ஒருவர் நீர்புகாத சிறு பெட்டியொன்றினுள் ஒரு குறிப்பேட்டையும் ஓர் இறப்பர் முத்திரையையும் இட்டு, ஒதுக்கிடமொன்றில் மறைத்து வைப்பார். அதனைக் கண்டடைவதற்கான குறிப்புகளை மற்றவர்க்கு அறிவிப்பார். தேடிச் செல்பவர் பெட்டியைக் கண்டதும் தம் சொந்த முத்திரையை அதிலுள்ள குறிப்பேட்டிற் பதிப்பார். பெட்டியிலுள்ள முத்திரையைத் தம் குறிப்பேட்டிற் பதித்துக்கொள்வார். பின்னர், பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு மீள்வார். புதையலைத் தேடுபவன் அதனைத் தனதாக்கிக்கொள்வான். இங்கோ, அடுத்து வருபவருக்காக அனைத்தும் விட்டுச்செல்லப்படுகின்றன. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

இதன் தோற்றம் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டாட்மூர் மேட்டுநிலத்தோடு தொடர்புடையது. சக்போர்ட் என்னும் ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெறற் என்ற வழிகாட்டி, 1854ஆம் ஆண்டில், வடடாட்மூரின் சேற்று நிலங்களுக்கு நடுவே அமைந்த கிறான்மியர் குளத்தருகே கற்களைக் குவித்து, அவற்றிடையே ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார். கடும் நடைப்பயணத்தின் பின் அங்கு வந்துசேர்வோர், வந்தமைக்குச் சான்றாகத் தம் பெயர்ச்சீட்டை அதிலே இட்டுச்செல்வது வழக்கமாயிற்று.

இந்நிகழ்ச்சி ஏன் அக்காலப்பகுதியில் நிகழ்ந்தது என்னும் வினா எழுவது இயல்பே. இதற்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, புகையிரதப் போக்குவரத்தாகும். 1844இல் எக்சிற்றர் நகரையும் 1849இல் பிளிமத் நகரையும் புகையிரதப் பாதை எட்டியது. இதனால், முன்னர் தொலைதூரப் பிரதேசமாயிருந்த டாட்மூர், நகரத்து நடுத்தர வகுப்பினர் சென்றுவரக்கூடிய இடமாயிற்று. வழிகாட்டி என்னும் தொழிலுக்கு வாழ்வளித்தவர்கள் இவர்களே. இரண்டாவது, தபாற் சேவையின் வளர்ச்சியாகும். 1840இல் ஒரு பென்னித் தபால் முறை நடைமுறைக்கு வந்தது. நாவலாசிரியரும் தபாற்றிணைக்கள அலுவலருமான அந்தணி றொலப்பின் ஆலோசனைப்படி, 1852இல் யேர்சித் தீவில் வீதியோரத் தபாற்பெட்டிகள் நாட்டப்பட்டன. பெறற் தம் போத்தலை வைத்தது இதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னரேயாகும். செய்தியை ஒரு பெட்டியில் இட்டு, முன்பின் அறியாதவரை நம்பிச் செல்லும் பழக்கம் பொதுவாழ்விலே வேரூன்றிய காலம் அது எனலாம்.

காலப்போக்கில், நடைப்பயணிகள் தம் முகவரியிட்ட தபாலட்டைகளைப் பெட்டியில் விட்டுச்செல்லலாயினர். அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச்சென்று, ஒரு தபாலகத்திற் சேர்ப்பார். அட்டை வீடு வந்துசேர எடுத்த நாட்களைக் கொண்டு, அவ்விடத்துக்கு மனிதர் எத்துணை அரிதாக வந்தனர் என்பதை உணரமுடிந்தது. ‘தபாற்பெட்டி’ என்ற பெயர் நிலைபெற்றமைக்கு இவ்வழக்கமே காரணமாகும். 1894இல் பெல்ஸ்ரன் குன்றில் இரண்டாவது பெட்டி வைக்கப்பட்டது. 1905இல் கிறான்மியரில் வருகையாளர் குறிப்பேடு இடம்பெற்றது. டாட்மூர் பற்றிய வழிகாட்டி நூலை 1909இல் வெளியிட்ட வில்லியம் குறொசிங்கின் நினைவாக, 1938இல் டக்ஸ் குளத்தருகே மற்றொரு பெட்டி அமைக்கப்பட்டது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மிகச் சிலவாகவே இருந்த பெட்டிகள், 1970களின் பின்னர் பெருந்தொகையாகப் பெருகின. நூறு பெட்டிகளைக் கண்டவர்கள் சேரத்தக்க ‘நூற்றுவர் கழகம்’ ஒன்றும் தோன்றியது. இவ்வளர்ச்சியோடு ஒரு முரண்பாடும் வெளிப்பட்டது. டாட்மூர் 1951 முதல் தேசியப் பூங்கா. வெண்கலக் காலக் கல்வரிசைகளும் ஈமக் கற்குவைகளும் நிறைந்த நிலம். தனிமையை நாடி வந்தவர்களின் தொகையே அத்தனிமைக்கு ஊறாயிற்று. கற்களைப் புரட்டும் கைகளால் தொல்சின்னங்களுக்கும் ஆபத்து நேர்ந்தது. ஆகவே, தொல்சின்னங்களிலே பெட்டிகளை வைத்தலாகாது, நிலத்தைத் தோண்டலாகாது என்னும் ஒழுக்கவிதிகளைத் தேடுவோர் ஏற்கவேண்டியதாயிற்று. தாம் விரும்பும் ஒன்றைத் தம் விருப்பத்தினாலேயே அழித்துவிடாதிருப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு ஒரு பொழுதுபோக்குக்கூட விடை தேடவேண்டியிருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தேடல் பரவலாக அறியப்பட்டது, சிமித்சோனியன் சஞ்சிகை 1998 ஏப்பிரலில் வெளியிட்ட ஒரு கட்டுரையின் பின்னராகும். அங்கு அதற்கு வாய்ப்பான களங்களாக அமைந்தவற்றுள் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளும் அடங்கும். மோட்டார் வாகனப் பெருக்கத்தால் பயனிழந்த இப்பாதைகளை நடைக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உரியனவாக்கும் முயற்சிக்கு, விஸ்கொன்சின் மாநிலத்தில் 1967இல் திறக்கப்பட்ட எல்றோய் - ஸ்பாற்றா பாதை முன்னோடியாயிற்று. 1983ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், இத்தகைய பாதைநிலங்கள் துண்டாடப்படாது பேணப்படுவதற்கு வழிசெய்தது.

மாசாசூசெற்ஸ் மாநிலத்தின் பல்மத் நகரிலுள்ள ‘ஷைனிங் சீ’ துவிச்சக்கரவண்டிப் பாதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1872இல் வூட்ஸ் ஹோல் துறைமுகத்தை எட்டிய புகையிரதப் பாதையின் மீதே இது அமைந்துள்ளது. அக்காலத்தில், கடற்பறவை எச்சத்தைக் கொண்டு பசளை தயாரித்த தொழிற்சாலையொன்று அங்கு இயங்கியது. பல்மத்திற் பிறந்த கவிஞர் கதரின் லீ பேற்ஸின் நாட்டுப்பாடலில் வரும் சொற்களே பாதைக்குப் பெயராயின. 1970களில் முதற்பகுதி திறக்கப்பட்டது. 2009இல் வடபல்மத்வரை நீடிக்கப்பட்டது. ஏறத்தாழ 10.7 மைல் நீளமான இப்பாதை, உவர்ச் சதுப்பு நிலங்களையும் கிறான்பெரித் தோட்டங்களையும் கடலோரத்தையும் ஊடறுத்துச் செல்கின்றது. அன்று பயணிகளை டாட்மூருக்குக் கொணர்ந்து இத்தேடலுக்கு வழிகோலியது புகையிரதம். அது கைவிட்டுச்சென்ற தடங்களோ பிற்காலத்தில் தேடுவோரின் பாதைகளாயின.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், செய்மதி வழி இடமறியும் முறையின் துல்லியத்துக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு நீக்கியது. உடனேயே, மே 3ஆந் திகதி, டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு கொள்கலத்தை மறைத்து, அதன் ஆள்கூறுகளை அறிவித்தார். ‘ஜியோகாஷிங்’ இவ்வாறு பிறந்தது. அதில் கருவி இடத்தைச் சுட்டுகின்றது. தபாற்பெட்டி தேடலிலோ மரத்தையும் பாறையையும் வளைவையும் தேடுபவரே உற்றுநோக்க வேண்டியுள்ளது. ஓரிடத்தை அடைதல் வேறு, அறிதல் வேறு என்பதை இவ்விரண்டின் ஒப்பீடு உணர்த்தும்.

இறுதியாக, இப்பெட்டிகளின் குறிப்பேடுகள் வரலாற்று மாணவர்க்குத் தரும் செய்தியொன்றுண்டு. அரச ஆவணங்களில் எளிய மனிதர் பெரும்பாலும் வரி செலுத்துவோராகவோ குற்றவாளிகளாகவோ எண்ணிக்கைகளாகவோ மட்டுமே தோன்றுவர். இக்குறிப்பேடுகளிலோ அவர்கள் தம் விருப்பால், தம் கையால், தாம் வந்த நாளைப் பதிந்துள்ளனர். பதவியோ செல்வமோ அங்கு வரிசையைத் தீர்மானிப்பதில்லை; வந்துசேர்ந்த ஒழுங்கே வரிசையாகும். மழையாலும் பூஞ்சணத்தாலும் அழியத்தக்க இவ்வேடுகளைப் பொழுதுபோக்கின் எச்சங்களென ஒதுக்காது பேணுதல் வேண்டும். எளியோரின் வரலாற்றை எழுத விழையும் எவரும், அவர்கள் தாமே எழுதிவைத்த இடங்களைத் தேடிச்செல்லக் கடமைப்பட்டவராவர்.