கொல்லிப்பாவை: குறுந்தொகை, நற்றிணைப் பாடல்களில் காதலும் உடலழகும்

திறவுச்சொற்கள்: கொல்லிப்பாவை, குறுந்தொகை, நற்றிணை, உவமை, ஓரி, பொறையன்

முன்னுரை

ஆத்தூர்ச் சமவெளிக்குத் தென்மேற்கே எழும் கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. அம்மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் இயற்றியதாகச் சங்கப் புலவர் கூறும் பாவை, தலைவியின் எழிலுக்கு உவமையாகப் பல பாடல்களில் வருகிறது. உவமை ஒன்றாயினும் அது காதலை உணர்த்தும் முறை வேறுபடுகிறது. குறுந்தொகை 89, 100, நற்றிணை 185, 201 ஆகிய நான்கு பாடல்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறுந்தொகை: வாழ்வின் நடுவே அழகு

பரணரின் 89ஆம் பாடல் தோழி கூற்று. தலைவி வள்ளைப் பாட்டுப் பாடியவாறு உரலில் குற்றுகிறாள். அயலார் அதனையும் குறைகூறுகின்றனர். அறிவற்ற இவ்வூரின் பேச்சுக்கு வருந்துவது எதற்கு என்கிறாள் தோழி. பாவையை ஒத்தவள் உழைக்கும் பெண்ணாகவும் அலருக்கு ஆளானவளாகவும் காட்டப்படுகிறாள்.

கபிலரின் 100ஆம் பாடலில் தலைவன் பேசுகிறான். ஐவனநெல் விதைத்து, பசி வந்தபோது யானைத் தந்தத்தை விற்று உண்ணும் சிற்றூரைக் காட்டிய பின்னரே பாவை உவமை வருகிறது. தலைவியின் தோள் அடைதற்கு அரியது என்பதோடு பாடல் முடிகிறது. இரண்டிலும் அழகு ஊரும் உழைப்பும் சூழ்ந்த வாழ்வின் நடுவே நிற்கிறது.

நற்றிணை: நெஞ்சுக்குள் அழகு

பரணரின் 201ஆம் பாடலில், அவளை நினைத்தல் தகாது என்ற பாங்கனைத் தலைவன் மறுக்கிறான். காற்றும் மழையும் இடியும் தாக்கினும், நிலமே அதிரினும் உருவழியாத பாவைபோல, அவள் தன் நெஞ்சைவிட்டு அகலாள் என்கிறான். இங்கு உவமையின் ஆற்றல் வடிவிலிருந்து நிலைபேற்றுக்கு நகர்கிறது. 185ஆம் பாடலிலோ பாவை அன்னவள் தன்னைக் கொல்லக் கருதினாள் எனத் தலைவன் நோகிறான். அழகு காண்பவனின் துயராக மாறுகிறது.

பாவை சிரித்துக் கொல்லும் என்னும் பிற்கால வழக்கை இவற்றுள் ஏற்றிப் படித்தல் பொருந்தாது. இந்நான்கு பாடல்களிலும் அச்செய்தி இல்லை. 185இல் கொலை தலைவியின் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டது, பாவையின் மேல் அன்று.

வரலாற்றுப் பின்புலம்

குறுந்தொகை 100 கொல்லியை ஓரிக்கு உரியதாகக் கூற, குறுந்தொகை 89உம் நற்றிணை 185உம் பொறையனுக்கு உரியதாகக் கூறுகின்றன. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்ததை அகநானூறு 209 பதிவுசெய்கிறது. அப்பாடலிலும் தலைவியின் நலத்திற்குப் பாவையே உவமை. நற்றிணை 201 எவ்வரசனையும் சுட்டவில்லை. மலையைத் தெய்வம் காப்பதாக மட்டும் கூறுகிறது. இக்குறிப்புகளை மட்டும் கொண்டு பாடல்களைக் காலவரிசைப்படுத்த இயலாது. எனினும் மலையின் தலைவர் மாறியபோதும் உவமை மாறவில்லை என்பது தெளிவு.

முடிவுரை

நான்கு பாடல்களும் பாவையின் உறுப்புகளை வருணிக்கவில்லை. குறுந்தொகைப் பாடல்கள் பாவை அன்னவளை ஊரார் வாழ்வோடு பிணைக்க, நற்றிணைப் பாடல்கள் அவளைத் தலைவனின் நெஞ்சில் நிறுத்துகின்றன. ஆகவே கொல்லிப்பாவையை ‘அழகுக்கு உவமை’ என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. கூறுவோர் யார், எச்சூழலில் கூறுகின்றனர் என்பதையும் சேர்த்தே அதன் பொருளைக் கொள்ளவேண்டும்.