குப்பை அஞ்சலும் வாசல் காவலும்

1978-லேயே அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டர் விளம்பரம் சுமார் 400 பேருக்கு, கேட்காமலே மின்னஞ்சலில் போனது. குப்பை அஞ்சலுக்குப் பிள்ளையார் சுழி அதுதான்! நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15-இல்.

1997-இல் பால் விக்ஸி, டேவ் ராண்ட் இருவரும் குப்பை அனுப்பும் ஐ.பி. எண்களுக்குக் கறுப்புப் பட்டியல் போட்டார்கள். அதைப் பார்த்து இணைய நிறுவனங்கள் வாசலிலேயே தடுத்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருத்தன் செய்த வம்புக்கு, அதே சர்வர் வழியாக அனுப்பும் அத்தனை பேர் கடிதமும் திரும்பிவிடும். சிதம்பரத்து மாணவன் வெளிநாட்டுக்குப் போடும் விண்ணப்பமும், கடலூர் வியாபாரியின் ஆர்டரும் அதில் மாட்டலாம்.

கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளே! நாளை காவல் வைப்பவர்கள் நீங்கள்தான். தப்பாகத் தடுத்தால் முறையிட ஒரு வழியும் வையுங்கள்.